தலையில் கட்டு இல்லாத நோயாளி

ஜூன் 9, திங்கள்

இன்று எங்கள் மேனேஜர் ஆல்துரை சாரின் காலில் துப்பினேன்.

வேண்டுமென்று இல்லை. தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்குத் துப்புவது பாதி வேலை. நீள மேஜையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, அதன் ஆவியை மூக்குக்குப் பின்னால் ஏற்றி, பக்கத்தில் சக்கரத்தில் உருண்டு வரும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். இத்தனை வருஷத்தில் தொட்டியைப் பார்த்து நான் துப்பியதே இல்லை. அது இடது பக்கம் இருக்கும், அவ்வளவுதான். இன்று சக்கரம் எங்கோ மாட்டியிருக்க வேண்டும். தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஆல்துரை சாரின் பேண்ட் இருந்தது.

"திலகவதி மேடம், அந்த லாட்டுத் தேயிலை அவ்வளவு மோசமா?" என்றார். நல்ல மனுஷன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கடைசிக் கோப்பையைத் தொடாமலே போய்விட்டேன் என்று மதிப்பெண் எழுதும் பரீதா சொன்னாள். அவள் கொண்டுபோய் மேஜை ஓரத்தில் வைத்தால் நான் என்ன செய்வது? சத்தம் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மார்க்கெட் வளைவில் ஒரு வேன் என் ஸ்கூட்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இந்தக் குன்னூரில் இப்போதெல்லாம் ஆட்களும் வண்டிகளும் பக்கவாட்டில் திடீர் திடீரென்று முளைக்கிறார்கள். முன்பு வருவது தெரியும்படி வருவார்கள்.

வீட்டிலும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். மின்வாரியத்தில் போர்மேன் அவர். எதைப் பார்த்தாலும் எங்கே ஷார்ட் ஆகியிருக்கிறது என்று தேடுவார். கட்டிய பெண்டாட்டி என்னையும் அப்படித்தான் பார்க்கிறார்.

"கண்ணைக் காட்டிட்டு வந்தர்லாம் புள்ள."

"வேன்காரனோட கண்ணைக் காட்டச் சொல்லுங்க."

ஜூன் 17, செவ்வாய்

கண் டாக்டரிடம் போனோம். புதுக் கண்ணாடி எழுதித் தருவார் என்று நினைத்தேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதி நேரம் வெளிச்சமே வரவில்லை. மெஷின் பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் கண்ணாடி எழுதவில்லை. மூளைக்கு ஸ்கேன் எழுதினார்.

ஜூன் 20, வெள்ளி

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் மாதிரி தெரியவில்லையாம். ஆனால் வளர்ந்து, இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கும் இடத்தைக் கீழிருந்து முட்டுகிறது. அதனால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போன வருஷம் மாதவிலக்கு நின்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாமாம். நான் வயசு என்று நினைத்தேன்.

மத்தியானம் ஆபீஸில் பரீதாவுக்குப் பேக்கரி வர்க்கி வாங்கிக் கொடுத்தேன். எதுக்கு மேடம் என்றாள். சும்மா என்றேன்.

ஜூன் 26, வியாழன்

கோவை. மூளை அறுவை டாக்டர் ஹேமலதா. என்னைவிடச் சின்னவர், குரல் தணிந்தவர், அவசரப்படாதவர். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுப் பேனாவால் காட்டினார்.

"மூக்கு வழியா போறோம். காது மூக்கு தொண்டை டாக்டரும் கூட இருப்பார். மூக்குக்குப் பின்னாடி எலும்புக்குள்ள காலி ரூம் மாதிரி ஒரு குழி இருக்கு. அதோட பின்சுவரைக் கொஞ்சம் திறந்தா சுரப்பி. முனையில விளக்கும் கேமராவும் வெச்ச மெல்லிசான குழாய். அதைப் பார்த்துக்கிட்டே கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம். மண்டை ஓட்டைத் திறக்கறதில்லை, மூளையை விலக்கறதில்லை."

"செவுத்த ஒடைக்காம சுவிட்ச் பெட்டி வழியா வயரை இழுக்கற மாதிரிங்களா?" என்று மாமா கேட்டார்.

"கிட்டத்தட்ட. ஆனா எங்களால மெயினை ஆஃப் பண்ண முடியாது."

மாமாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"டாக்டர், மூக்குதாங்க எனக்குச் சோறு போடுது," என்றேன். என் வேலை என்னவென்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

வாசனை அறியும் நரம்புகள் மூக்கின் கூரையில் இருக்கின்றன. அவர்கள் போகும் வழி அதற்குக் கீழே. ஆனாலும் வேலை முடிந்ததும் திறந்த இடத்தை அடைக்க மூக்கின் உள்தோலில் ஒரு துண்டு எடுக்க வேண்டியிருக்கும். முதலில் எல்லோருக்கும் வாசனை மங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் திரும்பிவிடும். சிலருக்குக் குறையும். சிலருக்கு வருவதே இல்லை.

"உங்களுக்கு வந்துரும்னு நான் எழுதித் தர மாட்டேன்," என்றார்.

புருவத்தில் சின்னதாகக் கீறி உள்ளே போகிற முறை ஒன்று உண்டென்று படித்திருந்தேன். கேட்டேன்.

"அதுவும் சின்ன வழிதான். ஆனா அங்கிருந்து போனா முதல்ல எதிர்ல வர்றது கண் நரம்பு. கட்டி அதுக்கு அடியில இருக்கு. ஏற்கெனவே நசுங்கிப்போன நரம்பைத் தாண்டிக் கையை விடணும். சின்ன வழி எல்லாமே நல்ல வழி இல்லைங்க. எது கட்டிக்கு நேரா போகுதோ அதுதான் நல்ல வழி. உங்களுக்கு அது மூக்கு."

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாங்களா?"

"நரம்பு எத்தனை நாள் தாங்கும்னு தெரியாது. போன பார்வை சில சமயம் திரும்பாது." எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "துளைதான் சிறிசு, ஆபரேஷன் பெரிசு. வெளியில ஒண்ணும் தெரியாததால வீட்டுல சீக்கிரம் மறந்துருவாங்க. நீங்க மறக்காதீங்க."

பஸ்ஸில் மாமாவிடம் சொன்னேன். கண் இல்லாமல்கூடத் தேயிலை ருசி பார்த்துவிடலாம், மூக்கு இல்லாமல் முடியாது என்று. நியாயமான பேச்சுத்தானே?

"என்னைய பாக்க வேண்டாமா?" என்றார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பர்லியாறு தாண்டியதும், நாளைக்குப் போன் செய்து தேதி வாங்கிவிடுங்கள் என்றேன்.

ஜூலை 2, புதன்

கோபியிலிருந்து ராமாத்தா நங்கையா வந்திறங்கிவிட்டார். மாமாவின் அக்கா. கையில் முருங்கைக்காய்க் கட்டு, வாயில் வேண்டுதல்.

"பழனியாண்டவனுக்கு உன்ற முடியக் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன் அம்மிணி. எப்பிடியும் ஆஸ்பத்திரில மொட்டை அடிச்சுத்தான உள்ள கூட்டிட்டுப் போவாங்க."

"மூக்கு வழியாங்க நங்கையா. ஒரு முடியக்கூடத் தொட மாட்டாங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவிட்ச் பெட்டிக் கதையைச் சொன்னார். நங்கையாவுக்குச் சமாதானமாகவில்லை. மூளைக்கு மூக்கு வழியாகப் போவதாவது என்றார். நேர்ந்துகொண்டதை என்ன செய்வது என்றார்.

நேர்ந்தது நீங்கள், முடி என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. முருங்கைக்காய் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. வார்டில் பினாயில், சாம்பார், பக்கத்துக் கட்டில் அம்மாவின் கையில் ஆரஞ்சுத் தோல், மாமாவின் சட்டையில் வீட்டுச் சோப்பு. எல்லாவற்றையும் ஒரு தடவை நன்றாக முகர்ந்து வைத்துக்கொண்டேன். மாமாவின் சட்டையை இரண்டு தடவை.

ஜூலை 11, வெள்ளி

முடிந்தது. மூக்கில் பஞ்சு. வாயால் மூச்சு விடுகிறேன். குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து எழுதுகிறார்கள். சுரப்பி கோபித்துக்கொண்டால் அதில்தான் முதலில் தெரியுமாம். தலை கனக்கிறது. எழுத முடியவில்லை.

ஜூலை 12, சனி

காலையில் நர்ஸ் இடது பக்கமாக வந்தாள். வருவது தெரிந்தது. தலையைத் திருப்பவே இல்லை, தெரிந்தது.

குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியும் அந்தப் பக்கம் நிற்கிறது. நேற்று முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறேன் போல. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சக் கூடாது என்று நர்ஸ் திட்டினாள்.

ஜூலை 16, புதன்

வீடு. பஞ்சை எடுத்துவிட்டார்கள். செய்யக் கூடாதவை: மூக்கைச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உள்ளே ஒட்டிய தோல் பிடிக்கும்வரை இதெல்லாம்.

பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். இல்லை. காபித்தூள் இல்லை. கற்பூரம் இல்லை. தேயிலைக்குப் போகவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நலம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். வந்ததும் என் தலையைப் பார்க்கிறார்கள். கட்டு இல்லை, தையல் இல்லை, மொட்டை இல்லை. ஏமாந்து போகிறார்கள். கொண்டுவந்த ஹார்லிக்ஸைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிகிறது.

தூரத்துச் சொந்தத்தில் மாமனார் முறையாகும் கணுவாய் கந்தசாமி நேராகவே கேட்டுவிட்டார். "மூளைல ஆபரேசன்னு சொன்னாங்க. மூக்குல சதை எடுத்தாங்களா?"

"மூளைக்கு அடியிலதாங்க."

"எங்க சம்பந்திக்கும் மூக்குல சதை எடுத்தாங்க. மறுநாளே வயலுக்குப் போயிட்டாரு."

நங்கையாவும் இப்போது அந்தக் கட்சிதான். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

மழை விடவே இல்லை. பெருங்காயம்: இல்லை. டீ குடித்தேன். சூடு, கசப்பு, துவர்ப்பு. நாக்குக்குத் தெரிவது அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டால் வேப்பங்கொழுந்துத் தண்ணீர் என்று யாராவது ஏமாற்றிவிடலாம்.

மத்தியானம் ஒரு கூட்டம் வந்தது. அடி அலமாரியிலிருந்து பெரிய பாத்திரத்தைக் குனிந்து எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன். பார்வைக்கு நோய் தெரியாதவள் உட்கார்ந்தே இருந்தால் நாலு பேருக்கு நன்றாகப் படாது.

சாயங்காலத்திலிருந்து வலது மூக்கில் தண்ணீர் சொட்டுகிறது. சளி என்றார் நங்கையா. இந்தக் குளிரில் யாருக்குத்தான் சளி இல்லை.

ஜூலை 28, திங்கள்

நிமிர்ந்திருந்தால் தொண்டையில் இறங்குகிறது. குனிந்தால் சொட்டுகிறது. மாமாவிடம் சளி என்று சொன்னேன். சளிதான்.

ஜூலை 29, செவ்வாய்

சளி இல்லை.

நேற்றே தெரியும். நேற்றுக் காலை அது முதல் தடவை தொண்டையில் இறங்கியபோதே நாக்கு சொல்லிவிட்டது. சளி வழவழப்பாக இருக்கும், நாக்கில் நிற்கும். இது தண்ணீர் மாதிரி ஓடுகிறது. உப்பு. கண்ணீரின் உப்பு மாதிரிதான், ஆனால் லேசாகத் தகரத்தை நக்கிய சுவை அடியில் நிற்கிறது. என் வாயில் இதுவரை வராத சரக்கு. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்தால் உப்புக் கரிக்கும், உடனே வாருங்கள் என்று டாக்டர் ஹேமலதா கிளம்பும்போது சொல்லியிருந்தார்.

சொன்னால் கோவைக்குக் கூட்டிப் போவார்கள். மறுபடி மூக்குக்குள் கை வைப்பார்கள். மிச்சம் மீதி வாசனை ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். அதனால் சும்மா இருந்தேன்.

இன்று நங்கையா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்கவைத்து முன்னால் வைத்தார். போர்வையையும் எடுத்துத் தலையில் போட்டார். "நல்லா இழுத்து மூச்சு வுடு அம்மிணி, அப்பறம் பலமாச் சிந்திரு. எல்லாம் எறங்கிரும்." நொச்சி வாசனை சுத்தமாகத் தெரியவில்லை. குனிந்ததும் சொட்டு சொட்டாக அந்தப் பானையிலேயே விழுந்தது, நிற்கவில்லை.

மோசமான லாட்டை நல்லது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தோட்ட முதலாளி பக்கத்திலேயே நின்றாலும் சொன்னதில்லை. என் தொண்டையில் இறங்குவதை மட்டும் சளி என்று எத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருப்பது?

போர்வையை எடுத்துப் போட்டுவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். "இது சளி இல்லீங்க. டாக்டருக்குப் போன் போடுங்க."

"ஆவி புடிக்காம எந்திரிச்சா எப்பிடி?" என்றார் நங்கையா. மாமா அதுவரை அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "அக்கா, பானையை எடுத்துட்டுப் போ," என்றார்.

இதைக் காரில் எழுதுகிறேன். தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணல்.

ஜூலை 31, வியாழன்

நாளைக்கு மறுபடியும் ஆபரேஷன். தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் எடுத்து ஓட்டையை அடைப்பார்களாம். மறுபடியும் மூக்கு வழிதான்.

ஒட்டுப்போட்ட தோல் ஓரத்தில் விலகியிருக்கிறது என்றார் டாக்டர். அழுத்திச் சிந்தியிருந்தால் இன்னும் விலகியிருக்கும். கிருமி அந்த வழியாகவே மேலே ஏறியிருந்தால் மூளைக் காய்ச்சல். இப்போதும் ஒரு நாள் தாமதம்தான், இனி இப்படிச் செய்யாதீர்கள் என்றார். திட்டுகிற மாதிரி இல்லாமல் திட்டினார்.

"உப்புக் கரிக்குதுன்னு நெறைய பேர் சொல்வாங்க. தகரம் அடியில நிக்குதுன்னு நீங்கதான் சொல்றீங்க."

"வாசனை, டாக்டர்?"

"தெரியலைங்க. ரெண்டாவது தடவை. இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

நங்கையா வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீடு. கசிவு இல்லை. இந்தத் தடவை நான் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நங்கையா ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடுவதில்லை. யாராவது வந்து மூக்கில் சதையா என்று ஆரம்பித்தால், "மூளைங்க! மூளை!" என்று வாசலிலேயே சண்டைக்குப் போகிறார். என்னிடம் மட்டும் அதிகம் பேசுவதில்லை.

பெருங்காயம்: இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கண் பரிசோதனை. அதே பெட்டி, அதே பெண். சுற்றிலும் மின்மினி மாதிரி வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. மேல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இல்லை. மெஷினை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

வெளியே வந்து மாமாவைப் பார்த்தேன். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தார். தொப்பை போட்டிருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

ஆல்துரை சார் வீட்டுக்கு வந்தார். நான்கைந்து தடவை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். என் மேஜையில் கோத்தகிரியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். அவரை நிரந்தரமாக்கலாமா என்று மேலே கேட்கிறார்கள். "தீபாவளி வரைக்கும் தள்ளிப் போட்டிருக்கேன் மேடம். அதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. இல்லாட்டி ஏலப் பிரிவுல ஒரு சீட் உங்களுக்கு உண்டு."

நல்ல சீட்தான், ஜன்னலோரம். நன்றி சொன்னேன். அவர் போன பிறகு சமையலறையில் நின்று அழுதேன். மூக்கைச் சிந்த இப்போது அனுமதி உண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

பெருங்காயம்: இல்லை. நங்கையா கோபிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். வாசலில் நின்று, "நாஞ் சளின்னு சொல்லிப்போட்டேன்," என்றார்.

"நானும் அப்பிடித்தானுங்க சொன்னேன்."

"நீ ருசி பாத்து, சளி இல்லீன்னும் நீயேதான் சொன்ன. நாந் தெரியாம அந்தப் பானைய வெச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நங்கையா திரும்பி வந்தார். கோபிக்கு அல்ல, பழனிக்குப் போயிருக்கிறார். தலையிலிருந்து முந்தானையை விலக்கினார். மொட்டை. பளபளவென்று, மேலே மஞ்சளாகச் சந்தனம்.

"நேந்தது நானு. உன்ற முடியத் தர நா யாரு? அதான் என்றதைக் குடுத்துட்டேன்."

அறுபது வயதில், இடுப்பு வரை முடி இருந்த மனுஷி. மாமா வெளியே போய் நின்றுகொண்டார்.

இந்த நேரம் பார்த்துக் கணுவாய் கந்தசாமி மாமனார் சம்சாரத்தோடு வந்தார். நங்கையாவைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எத்தனை தையலுங்க?" என்று கேட்டார். ஹார்லிக்ஸையும் நங்கையாவின் மடியில் வைத்தார். நங்கையா விளக்கம் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, "தலை எரியுது அம்மிணி, இன்னுங் கொஞ்சம் பூசி வுடு," என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். கரைத்து, பின்னால் நின்று பூசினேன். உச்சியில் பூசக் குனிந்தேன்.

"நங்கையா, இது அசல் சந்தனம் இல்லீங்க. எஸன்ஸ் கலந்திருக்குது."

"கோயில் வாசல்ல வாங்குனது, வாய்க்கு வந்தபடி பேசாத..." என்று திரும்பியவர் பேச்சை நிறுத்திவிட்டு என் மூக்கைப் பார்த்தார்.

மறுபடி குனிந்தேன். தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ரொம்ப மெல்லிசாக இருந்தது. ஆனால் இருந்தது. மட்டமான எஸன்ஸ், அதற்கடியில் ஏதோ மரத்தூள், அதற்கும் அடியில் நங்கையாவின் வியர்வை.

மாமா சமையலறைக்குள் ஓடினார். டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து வைத்தார். பெருங்காயம்: லேசாக. கற்பூரம்: லேசாக. காபித்தூள்: இல்லை. தேயிலை: இன்னும் இல்லை.

நங்கையா என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். இன்னொரு தடவை பார் என்கிறார்.

ஆல்துரை சாருக்குப் போன் செய்தேன். முழுசாக வரவில்லை, ஆனால் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். தொட்டியை இடது பக்கமே வைக்கச் சொன்னேன்.